முதல் பெண் ஆளுநர் யார்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ரஷ்யாவில் தேர்தலில் வென்று ஒரு பிராந்தியத்தின் ஆளுநரான முதல் பெண் வாலென்டினா புரோனெவிச் என்று எழுதியிருந்தீர்கள். மத்வியென்கோதான் முதல் என்று படித்த ஞாபகம். அதோடு அவர் வென்ற கொரியாக் பகுதியில் மொத்தமே 25,000 பேர்தானே, ஒரு பேரூராட்சி அளவு. அதைப் பெரிய வெற்றி என்று சொல்லலாமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

புரோனெவிச் வென்றது 1996 நவம்பரில். மத்வியென்கோ சாங்க்ட் பீட்டர்ஸ்பர்க் ஆளுநரானது 2003-ல். இருவர் பெயரும் வாலென்டினா, பெரிய நகரத்துக்காரர் பெயர்தான் மனதில் நின்றுவிட்டது. (ஆளுநர் என்றால் அப்போது அங்கே மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த பதவி, நம்மூர் முதல்வர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்கு வருத்தமாக இருந்தது. கம்சாத்கா தீபகற்பத்தின் வடக்கே 3 லட்சம் சதுர கிலோமீட்டர் நிலம் அது. தலைநகர் பலானாவுக்கு வெளியிலிருந்து ஆண்டு முழுக்கப் போகக்கூடிய சாலை கிடையாது. குளிர்காலத்துக்கான எரிபொருளை முன்கூட்டியே கப்பலில் கொண்டுவந்து இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் வீடுகளைச் சூடாக்கும் கொதிகலன் அணைந்து, குழாயில் தண்ணீர் உறைந்து வெடித்து, ஜனங்கள் வீட்டுக்குள்ளேயே குளிர்கோட்டு போட்டுக்கொண்டு தூங்க வேண்டியதுதான். 2000 தேர்தலில் புரோனெவிச்சைத் தோற்கடித்த லோகினோவைப் புதின் 2005-ல் பதவியிலிருந்து நீக்கியதே இந்த வெப்ப வசதிக் குளறுபடிக்காகத்தான். பேரூராட்சி வேலையா இது?

அப்புறம் ஓட்டுக் கணக்கைப் பாருங்கள். சட்டம் படித்த புரோனெவிச், இத்தெல்மென் என்ற கம்சாத்காப் பழங்குடி இனத்தவர். 2002 கணக்கெடுப்பில் அந்தப் பகுதியில் இத்தெல்மென் மக்கள் சுமார் 1,200 பேர், கொரியாக்குகள் 6,700 பேர், ரஷ்யர்கள் ஏறக்குறையப் பாதி. சொந்த சனம் முழுக்க வந்து ஓட்டுப்போட்டாலும் ஜெயிக்க முடியாது. மற்றவர்களும் நம்பித்தான் அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

அந்த நாற்காலியே இப்போது இல்லை என்பதுதான் என் ஆதங்கம். 2005-ல் வாக்கெடுப்பு நடத்தி, 2007 ஜூலை 1-ல் கொரியாக் பகுதியைக் கம்சாத்கா மாகாணத்தோடு சேர்த்துவிட்டார்கள். சேர்ந்தபோது அந்தப் பிரதேசத்தில் 3 லட்சம் பேருக்குமேல் இருந்தார்கள், அதில் இத்தெல்மென் மக்கள் கடுகளவு. இடையில் நிறுத்திவைத்த ஆளுநர் தேர்தல் 2012-ல் திரும்பி வந்தது. ஆனால் பலானாக்காரர்கள் தங்களுக்கென்று ஓர் ஆளுநரைத் தேர்ந்தெடுக்க இனி வழியில்லை.