வேதியியல் கேள்வி–பதில்: மாக்னசைட் கல்லில் மோல் கணக்கு

மோல் கணக்கு என்றாலே கை ஓடமாட்டேன் என்கிறது. சூத்திரம் தெரியும்; எதை எதால் வகுப்பது என்றுதான் குழப்பம்.
(பதினொன்றாம் வகுப்பு மாணவி, ஓமலூர்)

சூத்திரத்தைக் கொஞ்ச நாள் ஓரமாக வை. ஓமலூரிலிருந்து சேலம் வரும் வழியில், கருப்பூர்ப் பக்கம் வெள்ளை வெள்ளையாக மண்மேடுகள் தெரியும், பார்த்திருப்பாய். மாக்னசைட் சுரங்கத்து மண் அது. மாக்னசைட் வேறொன்றுமில்லை, மெக்னீசியம் கார்பனேட்தான். அணு எடையைப் பார்: மெக்னீசியம் 24, கார்பன் 12, ஆக்சிஜன் மூன்றுக்கு 48. இந்தக் கூட்டுத்தொகையைக் கிராமில் எடுத்தால் அதுதான் ஒரு மோல். ஆக ஒரு மோல் 84 கிராம். இதைச் சூளையில் சுட்டால் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும், 40 கிராம் மெக்னீசியம் ஆக்சைடு மிஞ்சும். சமன்பாடு: MgCO₃ → MgO + CO₂. எஃகு உலைகளின் உட்சுவரில் சூடு தாங்கும் கல்லாக இருப்பது இந்த ஆக்சைடுதான்.

சரி, 21 கிராம் கல்லைச் சுட்டால் எவ்வளவு மிஞ்சும்? 21-ஐ 84-ஆல் வகுத்தால் கால் மோல். சமன்பாட்டில் ஒன்றுக்கு ஒன்று என்று இருப்பதால் ஆக்சைடும் கால் மோல், அதாவது 10 கிராம். கிராமை மோலாக்கு, சமன்பாட்டைப் பார், அப்புறம் மறுபடி கிராமாக்கு. எந்தக் கணக்கானாலும் இதே வழிதான். நடுவில் சமன்பாட்டைப் பார்க்காமல் தாவுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சமன்பாடு சமன் செய்யப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்.

மகன் பன்னிரண்டாம் வகுப்பு. கைடு மட்டும் படிக்கிறான். போதுமா?
(ஒரு தாய், அம்மாபேட்டை)

போதாதும்மா. எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்ணில் 15 ஒரு மதிப்பெண் கேள்விகள். பாடத்தை வரி வரியாகப் படித்த பிள்ளைக்குத்தான் அவை முழுதாகக் கிடைக்கும். கைடு கடைசி வாரத் திருப்புதலுக்கு இருக்கட்டும்.

பர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஃபெரஸ் (இரும்பு) உப்புக் கரைசலைத் தரம் பார்க்கிறேன் (டைட்ரேஷன்). ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவு வருகிறது.
(பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், ஆத்தூர்)

கூம்புக் குடுவையை எதனால் கழுவுகிறாய்? ஃபெரஸ் கரைசலால் என்றால் கோளாறு அங்கேதான். பிப்பெட்டில் அளந்து விடுவதற்கு மேல் கொஞ்சம் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும், பர்மாங்கனேட் கூடுதலாகச் செலவாகும். குடுவைக்கு வாலைவடிநீர் மட்டும் போதும். சொட்டுச் சொட்டாக விடும் குழாயான பியூரெட்டைத்தான் பர்மாங்கனேட்டால் கழுவ வேண்டும். பியூரெட் முனையில் காற்றுக்குமிழ் இருந்தால் அதை வெளியேற்றிவிட்டுத் தொடங்கு.

பர்மாங்கனேட் அடர்நிறம் என்பதால் அதன் மேல்விளிம்பைப் பார்த்து அளவெடு. முடிவுநிலை என்பது வெள்ளைத்தாள் மேல் வைத்தால் மட்டும் தெரிகிற வெளிறிய இளஞ்சிவப்பு. ரோஜா நிறம் பளிச்சென்று வந்தால் தாண்டிவிட்டாய் என்று பொருள். பழுப்பாகக் கலங்கினால் நீர்த்த கந்தக அமிலம் போதவில்லை. அதற்குப் பதிலாக ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எடுத்துவிடாதே, பர்மாங்கனேட் அதோடும் வினைபுரியும். சூடுபடுத்துவது ஆக்சாலிக் அமிலத்துக்குத்தான், ஃபெரஸுக்கு வேண்டாம்.

எங்கள் ஆய்வகத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கிறது. தெர்மாமீட்டர் பழுதா?
(பத்தாம் வகுப்பு மாணவன், ஏற்காடு)

பழுதே இல்லை தம்பி. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு. நீரின் ஆவியழுத்தம் வெளியழுத்தத்தை எட்டியதும் கொதி வந்துவிடும். உங்கள் ஊரில் அது 95 டிகிரியை ஒட்டியே நடந்துவிடுகிறது. நோட்டில் 100 என்று மாற்றி எழுதாதே. 95 என்றே எழுதி, பக்கத்தில் ஊரின் உயரத்தையும் குறித்துவை.