குறிவைத்துத் தாக்கும் மருந்து என்றால் கை ஏன் மரத்துப்போகிறது?

கேள்வி: அப்பாவுக்கு டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். ஆர்-சாப் என்ற கூட்டு மருந்துச் சிகிச்சைக்குப் பிறகு நோய் திரும்பிவிட்டது. இப்போது பொலாட்டுசுமாப் வெடோட்டின் சேர்த்துக் கொடுக்கலாம் என்கிறார் மருத்துவர். புற்றணுவைத் தேடிப் போய்த் தாக்கும் மருந்தில் கை கால் மரத்துப்போதல், வெள்ளணுக் குறைவு எல்லாம் எப்படி வருகிறது? இன்னும் பாதுகாப்பானது வரும் வரை காத்திருக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். காத்திருக்க வேண்டாம். இது வேகமாக வளரும் லிம்போமா. சில வாரங்கள் தள்ளிப்போடுவதே ஆபத்து. மருந்து ஆய்வோ வருடக்கணக்கில் நகரும்.

சரி, பக்கவிளைவுக்கு வருவோம். இந்த மருந்தில் மூன்று பகுதிகள்: இந்த நோய் தொடங்கும் பி செல் என்ற வெள்ளணுவின் மேல் இருக்கும் சிடி79பி புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி (குறித்த இலக்கில் ஒட்டும் புரதம்), எம்எம்ஏஇ என்ற நஞ்சு, இரண்டையும் கோக்கும் லிங்கர். அந்த நஞ்சைத் தனியாக உடம்பில் ஏற்ற முடியாது, அவ்வளவு கடுமை. ஆகவே லிங்கர் ரத்தத்தில் நாள்கணக்கில் அவிழாமல் இருக்க வேண்டும். செல்லுக்குள் போனதும் அவிழ்ந்தே ஆக வேண்டும்.

பலரும் நஞ்சு இருக்கும் முனையையே கவனிப்பார்கள். தகராறு பெரும்பாலும் ஆன்டிபாடி பக்கத்து முனையில். அங்கே மாலிமைடு என்ற வளையம் ஆன்டிபாடியின் கந்தகத்தோடு சேர்ந்திருக்கிறது. இந்தப் பிணைப்பு மெதுவாகக் கழன்றுவிடக்கூடியது. கழன்ற நஞ்சு ரத்தத்தில் நிறைந்திருக்கும் ஆல்புமின் என்ற புரதத்தின் கந்தகத்தில் ஒட்டிக்கொண்டு, வண்டி மாறிய பயணியாக வேறெங்கோ போய்ச் சேரும். ஆனால் அதே வளையம் தண்ணீரோடு வினைபுரிந்து திறந்துகொண்டால் பிணைப்பு அப்படிக் கழலாது! வளையத்துக்குப் பக்கத்தில் ஓர் அமீன் தொகுதியை (நைட்ரஜன் உள்ள சிறு அணுக்கூட்டம்) வைத்தால் அது தயாரிப்பின்போதே தானாகத் திறந்துகொள்ளும் என்று 2014-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். எனக்குப் பிடித்த வேதியியல் தந்திரங்களில் இது ஒன்று.

அப்புறம் எண்ணிக்கை. பழைய முறையில் ஓர் ஆன்டிபாடியில் இரண்டு நஞ்சு, இன்னொன்றில் எட்டு என்று கலவையாகத்தான் கிடைக்கும். பொலாட்டுசுமாபில் சராசரி 3.5 அளவில் இருக்கும். அதிகம் ஏற்றினால் மூலக்கூறு எண்ணெய்த்தன்மை கூடி, ரத்தத்திலிருந்து சீக்கிரம் அகற்றப்பட்டுவிடும். குறித்த இடத்தில், குறித்த எண்ணிக்கையில் பொருத்தும் முறை 2008-லேயே வந்துவிட்டது.

லிங்கரை இரும்பாக்கினாலும் பக்கவிளைவு முழுதாகப் போய்விடாது. புற்றணுவுக்குள் விடுபட்ட எம்எம்ஏஇ செல்சவ்வைத் தாண்டி வெளியே வரும். பக்கத்துப் புற்றணுவைக் கொன்றால் அது பலன். நரம்பைத் தொட்டால் மரத்துப்போதல். செல்லுக்குள் சரக்கு நகரும் நுண்குழல்களை இந்த நஞ்சு குலைக்கிறது, நீண்ட நரம்பிழைகள் அவற்றை நம்பியே வாழ்கின்றன. பக்கவிளைவு பெரும்பாலும் நஞ்சின் குணத்தைப் பொறுத்தது. பி செல்லின் மேலுள்ள சிடி19 என்ற இன்னொரு புரதத்தைப் பிடிக்கும் லோன்காஸ்டுக்சிமாப் டெசிரின் என்ற மருந்தில் நஞ்சு வேறு. அங்கே உடலில் நீர் கோத்தல், வெயில் பட்டால் தோல் பாதிப்பு என்று பட்டியலும் மாறிவிடுகிறது.

அப்பா விஷயத்தில் ஒன்றை மறக்காதீர்கள். ஆர்-சாப்பில் இருக்கும் வின்கிரிஸ்டினும் அதே நுண்குழல்களைத்தான் தாக்கும். அதனால்தான் முதல் சிகிச்சையிலேயே பொலாட்டுசுமாப் சேர்க்கும்போது வின்கிரிஸ்டினை எடுத்துவிடுகிறார்கள். பழைய மரப்பு விரல் நுனியில் மிச்சம் இருந்தால் முதல் ஊசிக்கு முன்பே சொல்லுங்கள். நடுவில் சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினாலும், செருப்பு கழல்வது தெரியாமல் நடந்தாலும் அடுத்த தவணை வரை மறைக்க வேண்டாம். மருந்தைத் தள்ளிவைப்பதா, அளவைக் குறைப்பதா, நிறுத்துவதா என்பதை மருத்துவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.

வெள்ளணு குறைந்தால் அதை ஏற்றும் ஊசி இருக்கிறது. ஆனால் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், வீட்டில் மாத்திரை போட்டுப் பார்க்காமல், நடுராத்திரி என்றாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.