சர்ச் திறக்கிறது, மாமியாரை அனுப்பலாமா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் எங்கள் ஊர், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. கொரோனா இரண்டாம் அலையால் 2021 ஏப்ரல் கடைசியில் பூட்டிய ஆலயங்களை ஜூலை 5 முதல் திறக்கலாம் என்று அரசு அறிவித்துவிட்டது. என் மாமியாருக்கு 74 வயது, சர்க்கரை உண்டு, கொரோனா தடுப்பூசி ஒன்றுதான் போட்டிருக்கிறார். முதல் ஞாயிறே போவேன் என்கிறார். தடுத்தால், “உனக்கு விசுவாசம் இல்லை” என்கிறார். கணவர் சபைக் கமிட்டியில் இருக்கிறார். முன்போலவே எல்லாரையும் கூட்டிவிடலாம் என்பது அவர் எண்ணம். நான் என்ன செய்ய?
– ஒரு வாசகி

பதில்: சகோதரி, மாமியாரோடு சண்டை வேண்டாம். நீங்கள் பேச வேண்டியது கணவரிடம்.

மாமியாருக்கு ஆலயம் என்றால் ஆராதனை மட்டுமில்லை. பக்கத்தில் உட்காரும் கூட்டாளிகள், பெண்கள் ஐக்கிய சங்கம், முடிந்ததும் வாசலில் நின்று பேசுகிற பேச்சு எல்லாம் சேர்ந்ததுதான். இந்த அலையில் அடக்கத்துக்கு 20 பேர்தான் போகலாம் என்றிருந்தது. தெரிந்தவர்கள் பலருக்கு அவரால் கடைசி மரியாதைகூடச் செய்திருக்க முடியாது. அந்த வருத்தத்தை யூடியூப் ஆராதனை தீர்க்காது. முதல் ஞாயிறு, இறந்துபோன சபையாரின் பெயர்களை வாசித்து ஜெபிக்கும்படி ஆயரிடம் (சபைப் போதகரிடம்) கேட்கச் சொல்லுங்கள்.

கணவர் விஷயத்துக்கு வருவோம். அரசு திறக்கச் சொன்னதே தவிர, பழையபடி கூட்டச் சொல்லவில்லை. இந்த 2021 ஜூலையில் திருவிழாக்களுக்கு இன்னும் தடைதான். வாசலில் சானிடைசர் வைத்தால் போதும் என்று கமிட்டியில் யாராவது சொல்வார்கள், போதாது. இது காற்றில் பரவும் நோய், பாடும்போது இன்னும் அதிகம். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் 2020 மார்ச் 10 அன்று ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தது. வந்தவர்கள் 61 பேர். அதில் 53 பேருக்கு நோய் வந்தது, இரண்டு பேர் இறந்தார்கள்.

நம் மாவட்டத்தில் இது மழைக்காலம் வேறு. சாரல் அடிக்கிறது என்று ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு ஃபேன் போட்டு உட்காருவோமே, அதுதான் ஆபத்து. நனைகிற பக்கத்து பெஞ்சுகளைக் காலியாக விட்டாவது ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். ஒரே ஆராதனையை இரண்டு மூன்றாகப் பிரிக்கலாம். காலை முதல் ஆராதனையை 60 வயது தாண்டியவர்களுக்கென்றே ஒதுக்கலாம். முந்தைய கூட்டம் விட்டுப்போன காற்று அப்போது இருக்காது. முக்கால் மணி நேரம் போதும், பிரசங்கம் 15 நிமிடம். (ஆயர்கள் கோபிக்க வேண்டாம். சில சபைகளில் அறிவிப்பு வாசிக்கவே அவ்வளவு நேரம் ஆகிறது.) பாட்டை ஒருவர் மைக்கில் பாட, மற்றவர்கள் மாஸ்க்கைக் கழற்றாமல் மனதுக்குள் பாடட்டும். திருவிருந்துக்கு (அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் சடங்குக்கு) ஒரே பாத்திரம் வேண்டாம், ஆளுக்கொரு சிறு கிண்ணம் போதும்.

விசுவாசம் பற்றி மாமியார் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது என்ற பைபிள் வசனத்தை, எபிரெயர் 10:25-ஐ, அவரோ கமிட்டியில் யாரோ கட்டாயம் எடுப்பார்கள். அதற்கு முந்தைய 24-ஆம் வசனத்தையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். ஒருவரையொருவர் கவனிக்க வேண்டும் என்று அங்கே இருக்கிறது. வயதானவர்களுக்காகக் காத்திருப்பதும் அந்தக் கவனிப்புதான்.

சரி, அனுப்பலாமா? முதியவர்களுக்குத் தனி ஆராதனை அமைந்தால், சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, நல்ல மாஸ்க் போட்டு நீங்களே கூட்டிப்போங்கள். ஜன்னல் ஓரமாக உட்காரட்டும். கமிட்டி எல்லாரையும் ஒன்றாகக் கூட்டினால், இரண்டாம் ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும்வரை வீட்டில் இருப்பதே நல்லது. போட்டது கோவிஷீல்டு தடுப்பூசி என்றால், இந்த 2021 விதிப்படி முதல் ஊசியிலிருந்து 84 நாள் கழித்து அடுத்தது. ஊசி போட்ட சீட்டை எடுத்துத் தேதியை இன்றே பாருங்கள்.

அப்புறம், ஆலயம் திறந்துவிட்டது என்று யூடியூப் ஒளிபரப்பை உடனே நிறுத்திவிடப் போகிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு அது இன்னும் வேண்டும். 11-ஆம் தேதி ஞாயிறு வருவதற்குள் கணவர் இதையும் கமிட்டியில் பேசிவிடட்டும்.