கிராக்கோவில் யூதர் வரலாற்று நடை: ஆற்றைக் கடக்காத சுற்றுக்குப் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: ஜூலையில் கணவர், மாமியார், 11 வயது மகளோடு போலந்தின் கிராக்கோவ் நகருக்குப் போகிறோம். யூதர்கள் வாழ்ந்த பகுதியையும் போர்க்கால இடங்களையும் வழிகாட்டியோடு நடந்து பார்க்க ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம். இலவச நடை, பேட்டரி வண்டி, தனி வழிகாட்டி என்று இணையத்தில் பலவிதமாகச் சொல்கிறார்கள். எதை எடுப்பது? மகளை அழைத்துப் போகலாமா? அதே நாளில் ஆஷ்விட்ஸ் நாஜி மரண முகாமையும் பார்க்க முடியுமா? மாமியாருக்கு முட்டி வலி உண்டு.

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆஷ்விட்ஸை அந்த நாளோடு சேர்க்காதீர்கள். அது கிராக்கோவிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். போய்ப் பார்த்துத் திரும்பவே ஒரு நாள் சரியாகிவிடும். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் வருவதை அந்த நினைவகமே பரிந்துரைப்பதில்லை. நகரத்துக்குள் நடக்கும் சுற்றுக்கு மகளைத் தயங்காமல் அழைத்துப் போகலாம்.

எந்தச் சுற்று என்பதைத் தீர்மானிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: "விஸ்துலா ஆற்றைக் கடந்து போத்கூஷே வரை போவீர்களா?" இல்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

காரணம் இதுதான். யூதர் பகுதி என்று எல்லோரும் சொல்லும் காசிமியெஷ், மன்னர் மூன்றாம் காசிமிர் 1335-இல் நிறுவிய தனி ஊர். 1495-இல் கிராக்கோவ் யூதர்களை அங்கே குடியேற்றினார்கள். அதன்பின் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே தொழுகைக்கூடம், பள்ளி, சந்தை, கல்யாணம், சாவு எல்லாம் நடந்தன. போருக்கு முன் கிராக்கோவில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் யூதர். ஆனால் நாஜிகள் கெட்டோவை, அதாவது யூதர்களை மதில் எழுப்பி அடைத்துவைத்த பகுதியை, அமைத்தது காசிமியெஷில் இல்லை. 1941 மார்ச்சில், ஆற்றின் தென்கரையில் போத்கூஷேயில். தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு மக்கள் பாலம் கடந்து போனார்கள். முன்பு மூவாயிரம் பேர் வாழ்ந்த தெருக்களில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அடைத்தார்கள். 1993-இல் வந்த 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' என்ற ஹாலிவுட் படத்தின் கெட்டோக் காட்சிகள் பலவற்றை காசிமியெஷில் எடுத்ததால், கெட்டோ அங்கேதான் இருந்தது என்று நினைத்துத் திரும்புகிறவர்கள் ஏராளம். வாழ்ந்த கரையையும் அடைக்கப்பட்ட கரையையும் சேர்த்துப் பார்த்தால்தான் என்ன பறிபோனது என்பது விளங்கும்.

உங்கள் குடும்பத்துக்குத் தனி வழிகாட்டியே சரி. இலவச நடை என்பதில் முடிவில் அன்பளிப்பு கொடுப்பது வழக்கம். அதில் குறையில்லை, நல்ல வழிகாட்டிகளும் உண்டு. ஆனால் பெரிய கூட்டம் வேகமாக நகரும், முட்டி வலிக்காரருக்காக நிற்காது. பேட்டரி வண்டியில் பெரும்பாலும் பதிவு செய்த குரல்தான் ஓடும். கேள்வி கேட்க முடியாது. 2014 முதல் போலந்தில் நகர வழிகாட்டிக்கு உரிமம் கட்டாயமில்லை என்பதால் அட்டையை மட்டும் வைத்து ஆளை எடைபோட முடியாது. எந்தெந்த இடங்களில் நிற்பார், எவற்றுக்கு உள்ளே அழைத்துப்போவார் என்று எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

தொடக்கம் காசிமியெஷின் ஷெரோகா தெரு. பழைய தொழுகைக்கூடம் இப்போது அருங்காட்சியகம். அதைவிட அதிக நேரம் ரேமு தொழுகைக்கூடத்துக்கும் அதை ஒட்டிய இடுகாட்டுக்கும் கொடுங்கள். 16-ஆம் நூற்றாண்டின் பெரும் சட்ட அறிஞர் மோசஸ் இசர்லெஸ் 1572-இல் மறைந்து அடக்கமானது இங்கேதான். அவருடைய கல்லறைமேல் கூழாங்கற்கள் இருக்கும். பூ வைப்பதற்குப் பதில் கல் வைப்பது யூதர் வழக்கம். போரில் உடைந்த கல்லறைக் கற்களின் துண்டுகளையே பதித்து ஒரு சுவர் எழுப்பியிருக்கிறார்கள். பக்கத்தில் போய்ப் பாருங்கள்: பாதி எழுத்து, ஒரு சிங்கத்தின் தலை, ஆசி கூறும் இரண்டு கைகள். இங்கே இன்றும் வழிபாடு நடக்கிறது. ஆண்கள் தலையை மூட வேண்டும். கணவரை ஒரு தொப்பி எடுத்து வரச் சொல்லுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு பிளாட்ஸ் நோவி சந்தை. நடுவில் உள்ள வட்டக் கட்டடம் ஒரு காலத்தில் யூத முறைப்படி கோழி அறுக்கும் கூடம். இப்போது சாபியேகாங்கா விற்கிறார்கள்: நீள ரொட்டியில் காளான், சீஸ் வைத்துச் சுட்டது. சைவம் என்றால் மேலே இறைச்சி வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.

ஆற்றை நடைபாலத்தில் கடக்கலாம். மாமியார் டாக்சியிலோ டிராமிலோ கெட்டோ வீரர்கள் சதுக்கத்துக்கு வந்துவிடட்டும். மரண முகாம்களுக்கு அனுப்புவதற்காக மக்களை இங்கேதான் திரட்டினார்கள். அவர்கள் போனபின் மேசை நாற்காலிகள் கேட்பாரற்றுக் கிடந்தன. அதன் நினைவாக 2005-இல் உலோக நாற்காலிகளை வைத்தார்கள்: சதுக்கத்தில் 33 பெரிய நாற்காலிகள், ஓரங்களில் சிறியவை. சிறியவற்றில் உட்காரலாம்.

சதுக்கத்தின் மூலையில் இருக்கும் கழுகு மருந்துக்கடையைத் தவறவிடவே கூடாது. என்னைக் கேட்டால் இந்த நடையின் உயிரே அதுதான். தாதேவுஷ் பங்கியேவிச் என்ற போலந்துக்காரர், வெளியே போகச் சொன்னபோதும் மறுத்து, கெட்டோவின் ஒரே மருந்துக்கடையை நடத்தினார். முதியவர்கள் வேலைக்குத் தகுதியுள்ள வயதினராகத் தெரிய வேண்டுமென்று முடிச்சாயம் கொடுத்தார். சோதனையின்போது ஒளிந்திருக்கும் குழந்தைகள் அழாமலிருக்க மயக்க மருந்து கொடுத்தார். இன்று அது சிறிய அருங்காட்சியகம்; பழைய இழுப்பறைகளைத் திறந்து படிக்கலாம். நடந்த கொடுமையையும் அதற்கு நடுவே ஒருவர் செய்ததையும் 11 வயதுப் பிள்ளைக்குச் சேர்த்துச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் அங்கே கிடையாது.

ல்வோவ்ஸ்கா தெருவில் கெட்டோ மதிலின் ஒரு துண்டு நிற்கிறது. கல்லறைக் கற்களின் வளைவை ஒத்த உச்சியோடு கட்டிய மதில். பலகை போலிஷிலும் ஹீப்ருவிலும் மட்டும். வழிகாட்டியைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். 1943 மார்ச் 13, 14 தேதிகளில் கெட்டோவை ஒழித்துக்கட்டினார்கள். உழைக்கத் தெம்புள்ளவர்களை நகரத்தை ஒட்டிய பிளாஷோவ் கட்டாய உழைப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். சுமார் 2,000 பேரைத் தெருக்களிலேயே கொன்றார்கள்.

தன்னிடம் வேலை செய்த யூதர்களைக் காப்பாற்றிய ஜெர்மன் தொழிலதிபர் ஷிண்ட்லரின் தொழிற்சாலை சதுக்கத்திலிருந்து பத்து நிமிட நடை. பல சுற்றுகள் அதன் வாசலோடு முடிந்துவிடும், உள்ளே போகும் சீட்டு சேர்ந்திருக்காது. உள்ளே இருப்பது இயந்திரங்கள் அல்ல. ஆக்கிரமிப்புக் கால கிராக்கோவைப் பற்றிய கண்காட்சி. இருட்டான, குறுகிய அறைகள், கூட்டமும் அதிகம். மாமியாருக்கு அன்றே வேண்டாம். உங்களுக்கு வேண்டுமென்றால் இன்னொரு காலைக்குச் சீட்டை முன்கூட்டியே வாங்குங்கள். பிளாஷோவையும் மகள் வளர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது யூதர்களின் ஓய்வுநாள்; அன்று ரேமு போன்ற தொழுகைக்கூடங்கள் பார்வையாளர்களுக்கு மூடியிருக்கும். வெள்ளி பிற்பகலிலேயே மூடத் தொடங்கிவிடுவார்கள். ஜூலைத் தொடக்கத்தில் போனால் யூதப் பண்பாட்டு விழாக் கூட்டமும் இருக்கக்கூடும், அதனால் வழிகாட்டியை இப்போதே பிடித்துவிடுங்கள். எழுதும்போது மகளின் வயதைக் குறிப்பிட்டு, பிளாஷோவ் முகாம் தளபதியின் கொடூரங்களை அவள் முன்னால் விவரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல வழிகாட்டிகள் அதற்கு ஒருபோதும் மறுப்பதில்லை.