சுபுஹு (வைகறை) தொழுகையை எப்படித் தொழ வேண்டும்? இமாம் குனூத் (நின்றபடி ஓதும் துஆ) ஓதாவிட்டால் என் தொழுகை கூடுமா?

ஊரிலிருந்து மியான்மரின் யாங்கோனுக்கு வேலைக்கு வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இங்கே பள்ளியில் இமாம் குனூத் ஓதாமல் நேராக சுஜூதுக்கு (நெற்றியைத் தரையில் வைக்க) போனதும் திகைத்துவிட்டீர்கள். நான் இங்கேயே பிறந்த சூலியா (தமிழ் முஸ்லிம்) பிள்ளை, எனக்கும் சின்ன வயதில் இதே திகைப்பு இருந்தது. வீட்டில் வாப்பா ஷாஃபி முறையில் தொழுவார், தெருப்பள்ளியில் ஹனஃபி முறை; இரண்டும் இஸ்லாமியச் சட்ட மரபுகள். இந்த நாட்டில் ஹனஃபிதான் அதிகம்.

முதலில் தொழுகை. சுபுஹில் சுன்னத் (நபிவழி) இரண்டு ரக்அத் (தொழுகைச் சுற்று), பர்ளு (கட்டாயம்) இரண்டு ரக்அத், அவ்வளவுதான். உளூச் செய்து, கிப்லாவை முன்னோக்கி, மனதில் நிய்யத் (எண்ணம்) வைத்து, 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் கட்டுங்கள். அல்ஹம்து சூரா, அதோடு ஒரு சூரா. சுன்னத்தில் முதல் ரக்அத்துக்குக் குல்யா சூராவும் இரண்டாவதற்குக் குல்ஹுவல்லாஹு சூராவும் ஓதுவது நபிவழி. ருகூஉ (குனிதல்), எழுந்து நிலை, இரண்டு சுஜூது. இரண்டாவது ரக்அத்தின் முடிவில் அத்தஹிய்யாத், ஸலவாத்து ஓதி சலாம் கொடுத்துவிடலாம். பர்ளும் இதே போலத்தான். ஜமாஅத்தாக (கூட்டாக) தொழும்போது இமாம் சத்தமாக ஓதுவார்.

சரி, குனூத். ஷாஃபி முறையில் பர்ளின் இரண்டாவது ரக்அத்தில் ருகூஉவிலிருந்து எழுந்து நின்றபடி கையேந்தி 'அல்லாஹும்மஹ்தினீ ஃபீமன் ஹதைத்த' என்று ஓதுவோம். அது சுன்னத், பர்ளு அல்ல. விட்டுப்போனால் தொழுகை முறியாது. தனியாகத் தொழும்போது மறந்துவிட்டால் சலாமுக்கு முன் இரண்டு சஹ்வு சுஜூது (மறதிக்கான சுஜூது) செய்யலாம். ஹனஃபி இமாமின் பின்னால் நிற்கும்போது, சுருக்கமாக ஓதிவிட்டு சுஜூதில் இமாமைப் பிடித்துவிட முடியுமென்றால் ஓதிக்கொள் என்று எங்கள் ஹஜ்ரத் (மார்க்க ஆசிரியர்) சொல்லியிருக்கிறார். இது எதிர்ப்பக்கமும் நடக்கும். எங்கள் வீட்டில் வாப்பா இமாமாக நிற்கும் நாட்களில் ஹனஃபி மச்சான் கையைத் தொங்கவிட்டபடி பேசாமல் நிற்பார். அதனால் ஒருநாளும் வீட்டில் சண்டை வந்ததில்லை (சாப்பாட்டில் உப்புக் குறைந்து வந்த சண்டைதான் அதிகம்).

இன்னொரு வித்தியாசமும் கண்ணில் படும். ஷாஃபிகள் இருட்டோடு தொழுதுவிடப் பார்ப்பார்கள், ஹனஃபிகள் கொஞ்சம் வெளுத்தபின் தொழுவதைச் சிறப்பு என்பார்கள். அதனால் ஜமாஅத் நேரம் ஊரைவிடப் பிந்தியதாகத் தோன்றலாம். இகாமத் (ஜமாஅத் தொடங்கும் அறிவிப்பு) சொன்ன பிறகு பள்ளிக்குள் வருகிறவர்களில் சிலர் ஓரமாக நின்று அவசரமாகச் சுன்னத் தொழுவார்கள். ஜமாஅத் கிடைத்துவிடும் என்றால் சுபுஹின் சுன்னத்தை விடக்கூடாது என்பது ஹனஃபி முறை. ஷாஃபிகளான நாம் நேரே சஃப்பில் (தொழுகை வரிசையில்) சேர்ந்துவிட்டு, சுன்னத்தைப் பிறகு தொழுவோம்.

நேரம் கிழக்கே அடிவானத்தில் வெளிச்சம் அகலமாகப் பரவுவதில் தொடங்கி, சூரியன் உதிக்கும்வரை. செங்குத்தாக நீண்டு மறையும் வெளிச்சம் பொய் வைகறை, அதைக் கணக்கில் எடுக்கக்கூடாது. யாங்கோனில் ஜூனில் சூரியன் ஐந்தரையை ஒட்டி உதித்துவிடும், ஜனவரியில் ஆறரை தாண்டும். ஊர் அட்டவணையை வைத்துக்கொண்டு இங்கே தொழாதீர்கள், பள்ளிச் சுவரில் மாட்டியிருப்பதைப் பாருங்கள்.

எனக்குக் கஷ்டம் தருவது தொழுகை இல்லை, தண்ணீர்தான். கரண்ட் இல்லாத விடியற்காலையில் மோட்டார் ஓடாது. இரவே ஒரு வாளி பிடித்து வையுங்கள், போனுக்குச் சார்ஜும் ஏற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம், தூங்கிப்போய் வெயில் வந்தபின் விழித்தால் மதியம் வரை தள்ளாமல் எழுந்ததும் களா (நேரம் தவறிய தொழுகை) தொழுதுவிடுங்கள். ஹனஃபிகள் மட்டும் சூரியன் சற்று உயரும்வரை காத்திருப்பார்கள். கடைக் கணக்கு எழுதிவிட்டு நள்ளிரவு தாண்டிப் படுக்கும் நாட்களில் நானும் இப்படித்தான் தொழுகிறேன்.