வரையத் தெரியாதவர் கையில் கத்தரிக்கோலா?

கேள்வி: காமிக்ஸ் பக்கத்தில் செய்தித்தாளையும் போட்டோவையும் கிழித்து ஒட்டிவிட்டு ‘கொலாஜ்’ என்கிறார்கள். வரையத் தெரியாதவர்களின் குறுக்குவழிதானே இது? இதில் நகரம், அரசியல் எல்லாம் இருக்கிறது என்று விமர்சகர்கள் வேறு அளக்கிறார்கள்!
(வாசகர் ஒருவர், திருப்பூர்)

பதில்: பாதிக் கேள்விக்கு என் பதில் ஆமாம். இணையத்தில் எடுத்த கட்டடப் படத்துக்கு ஃபில்டர் போட்டுப் பின்னால் வைத்து, முன்னால் இரண்டு ஆட்களை நிறுத்திவிட்டுக் காசு வாங்கிப் போகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் ‘வரையத் தெரியாதவர்கள்’ என்றீர்களே, அங்கேதான் இடிக்கிறது.

ஆல்பெர்த்தோ பிரெச்சியா என்று ஒருவர். 1919ல் உருகுவேயில் பிறந்து, சிறுவயதிலேயே அர்ஜென்டினாவுக்கு வந்து, பியூனஸ் அயர்ஸில் கசாப்புக்கூடங்கள் நிறைந்த மத்தாதெரோஸ் பகுதியில் வளர்ந்தவர். நம்முடைய காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவி புறப்பட்டு வந்த அதே லண்டன் ஃப்ளீட்வே நிறுவனத்துக்கு அறுபதுகளில் படம் வரைந்து கொடுத்தவர். சுத்தமான கோடு வேண்டும் என்றால் கேட்ட மாத்திரத்தில் போட்டுத் தருவார். அப்பேர்ப்பட்ட ஆள்தான் சவர பிளேடையும் கிழித்த காகிதத்தையும் கையில் எடுத்தார்.

‘எல் எதெர்நௌதா’ என்ற கதையை 2025ல் நெட்ஃப்ளிக்ஸ் தொடராக நீங்கள் பார்த்திருக்கக்கூடும். பியூனஸ் அயர்ஸில் விஷப்பனி கொட்டுகிறது, வேற்றுக்கிரகத்தார் படையெடுக்கிறார்கள். எக்தோர் ஓஸ்டர்ஹெல்ட் எழுத, பிரான்சிஸ்கோ சொலானோ லோபெஸ் வரைய, 1957 முதல் 59 வரை வந்தது. எல்லாம் நிஜத் தெருக்கள், நிஜ ரிவர் பிளேட் கால்பந்து ஸ்டேடியம். வாசகர்கள் கொண்டாடினார்கள். 1969ல் அதே கதையை ஓஸ்டர்ஹெல்ட் திருத்தி எழுதினார். இந்த முறை வல்லரசுகள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தென் அமெரிக்காவையே எதிரிக்குத் தாரை வார்க்கின்றன. ‘ஹென்தே’ என்ற பளபள வார இதழுக்காகப் படம் போட்டவர் பிரெச்சியா.

அவர் போட்ட படங்களில் முகங்கள் பாதி வெள்ளை, பாதி கறுப்பு. வேற்றுக்கிரகத்தாருக்கு விளிம்பே இல்லை. மைத்திட்டும் ஒட்டுக் காகிதமும் சொரசொரப்புமாக ஏதோ ஒன்று நகர்கிறது. அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. அந்த இதழின் வாசகர்களும் ‘ஒன்றுமே புரியவில்லை’ என்று உங்களைப் போலத்தான் பொருமினார்கள். இதழ் வாசகர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கதையைச் சீக்கிரம் முடிக்கச் சொன்னது. மிச்சக் கதையைச் சில பக்கங்களில் எழுத்தாகத் திணித்து மூட்டை கட்டினார்கள். (ஓர் ஆசிரியனாகச் சொல்கிறேன்: வாசகரைக் கண்டு இவ்வளவு பயப்படக்கூடாது.)

1976 மார்ச்சில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1977ல் ஓஸ்டர்ஹெல்ட் கடத்தப்பட்டார், திரும்பவில்லை. அவருடைய நான்கு மகள்களும் அதே ஆட்சிக்குப் பலியானார்கள். அவர் கதையில் சண்டை நடந்த ஸ்டேடியத்தில் 1978ல் உலகக் கோப்பை இறுதிப் போட்டி நடந்தது. நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், கடற்படைப் பள்ளி என்ற பெயரில் ஒரு சித்திரவதைக்கூடம்.

இனி நீங்கள் கேட்ட நகரத்துக்கு வருகிறேன். ராணுவம் நியமித்த மேயர் ஓஸ்வால்தோ கச்சியாத்தோரே, விமானப்படை பிரிகேடியர். குடிசைப் பகுதிகளை இடித்து மக்களை ஊருக்கு வெளியே விரட்டினார். ஊருக்கு நடுவே மேம்பாலச் சாலைகள் போட்டார். ‘கிளப் அத்லெத்திகோ’ என்று ஒரு ரகசியச் சிறை, போலீஸ் கட்டடம் ஒன்றின் அடித்தளத்தில் இருந்தது. அந்தக் கட்டடத்தையே இடித்து, அதன் மேல் சாலையைக் கொண்டுபோய்விட்டார்கள். 2002ல் தோண்டத் தொடங்கினார்கள். காவலர்கள் பிங்பாங் ஆடும் சத்தம் கேட்கும் என்று தப்பி வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். மண்ணுக்குள்ளிருந்து அந்தப் பந்து கிடைத்தது. மேலே இன்றும் கார்கள் போகின்றன.

இந்த ஊரை எப்படி வரைவது, சொல்லுங்கள். ஸ்கேல் பிடித்துப் பாலத்தை அழகாக வரைந்தால் கச்சியாத்தோரே திறப்புவிழாவுக்கு எடுத்த போட்டோ மாதிரியே இருக்கும். அடியில் ஒன்று இருந்ததும், அதைப் பிடுங்கி எறிந்ததும் அதில் எங்கே தெரியும்?

எண்பதுகளில் ஹுவான் சாஸ்தூராயின் எழுதிய ‘பெர்ராமுஸ்’ கதைக்குப் பிரெச்சியா வரைந்த நகரத்துக்குப் பெயர் சாந்தா மரியா. பார்த்தால் பியூனஸ் அயர்ஸ். ராணுவத் தொப்பிக்குக் கீழே மண்டையோடு. சுவரும் வானமும் சாம்பல் நிறக் கரைசல், அதன் மேல் கிழிந்த காகிதம். கிழிசலை அவர் மறைப்பதே இல்லை. நாயகன் தோழர்களை அம்போவென்று விட்டுவிட்டு ஓடி வந்தவன். மறதியைக் கேட்டு வாங்குகிறான். பெயர்கூட நினைவில்லாமல் போய், மாட்டிக்கொண்ட மழைக்கோட்டின் கம்பெனிப் பெயரே அவன் பெயராகிவிடுகிறது. அதாவது ஆளே இன்னொரு இடத்திலிருந்து வெட்டி எடுத்த ஒரு துண்டு. 1989ல் இந்தக் கதைக்கு மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் விருது கொடுத்தது.

‘பெர்ராமுஸ்’ 2020ல் ஆங்கிலத்தில் ஒரே தொகுப்பாக வந்திருக்கிறது. விலை கையைக் கடிக்கும், யாரிடமாவது இரவல் வாங்குங்கள். படித்து முடித்த பிறகும் ‘சோம்பேறி வேலை’ என்று தோன்றினால் எழுதுங்கள், ஒரு வரி வெட்டாமல் போடுகிறேன்.