அரை நாளில் பொம்பெயியும் மியூசியமும்: முதலில் கிழமையைப் பாருங்கள்

கேள்வி: மே மாதம் குடும்பத்தோடு மத்தியதரைக் கடலில் கப்பல் சுற்றுலா போகிறோம். நான், மனைவி, 19 வயது மகள், 15 வயது மகன், 68 வயது அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி. நடப்பார், ஆனால் மெதுவாகத்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை 8 மணிக்குக் கப்பல் இத்தாலியின் நேபிள்ஸ் வந்து மாலை 5.30-க்குக் கிளம்புகிறது. "பொம்பெயி இடிபாடுகள், தொல்லியல் மியூசியம், கைடுடன் அரை நாள்" என்று எங்கள் ஏஜென்ட் ஆளுக்கு 9,800 ரூபாய் கேட்கிறார். பையனுக்கும் அம்மாவுக்கும் சலுகை வாங்கித் தருவதாகவும் சொல்கிறார். மகள் வரலாறு படிக்கிறாள். பொம்பெயியில் கிடைத்த லட்சுமி சிலையைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறாள். அரை நாளில் எல்லாம் முடியுமா? பணம் கட்டிவிடலாமா? (ஒரு வாசகர், கோவை)

பதில்: இன்னும் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். அவசரம் ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதத்தில் விலையைவிட எனக்கு உறுத்தியது கிழமை. நேபிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை வார விடுமுறை. பொம்பெயி அன்று திறந்திருக்கும், மியூசியம் பூட்டியிருக்கும். பிறகு ஏஜென்ட் உங்களை எந்த மியூசியத்துக்கு அழைத்துப் போகப் போகிறார்?

இதை அவரிடமே கேளுங்கள். எனக்குத் தெரிந்து இரண்டு பதில்கள்தான் வரும். ஒன்று, பொம்பெயி வளாகத்துக்குள்ளேயே போர்ட்டா மரீனா வாசல் பக்கம் இருக்கும் ஆன்டிகுவாரியம் என்ற மியூசியம். 2021 ஜனவரியில் மறுபடி திறந்தார்கள். சிறியது, அழகாக அடுக்கியிருக்கிறார்கள். ஆனால் நுழைவுச் சீட்டிலேயே அது அடக்கம். அதைத் தனி அயிட்டமாக எழுதி விற்பது, ஓட்டலில் தண்ணீரைச் சேர்த்து "இரண்டு வகைச் சாப்பாடு" என்று பில் போடுவது மாதிரி. இன்னொன்று, எர்கொலானோ ஊரில் உள்ள மெய்நிகர் தொல்லியல் மியூசியம். பெயரில் தொல்லியல் இருக்கும். உள்ளே இருப்பது திரைகளும் கணினிப் படங்களும். குழந்தைகளுக்குப் பிடிக்கலாம். வரலாறு படிக்கும் பெண் அங்கே கல்லையும் வெண்கலத்தையும் தேடினால் ஏமாந்துபோவாள். இரண்டிலும் உங்கள் மகள் தேடும் சிலை கிடையாது.

அந்தச் சிலை நேபிள்ஸ் மியூசியத்தில்தான் இருக்கிறது. 1938-இல் பொம்பெயியின் அபொந்தான்சா தெரு வீடு ஒன்றில் தொல்லியலாளர் அமெதியோ மையூரியின் அகழாய்வில் கிடைத்த தந்தச் சிற்பம், ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் உயரம். லட்சுமி என்று அப்போது வைத்த பெயர் நின்றுவிட்டது. யக்ஷி என்றுதான் இன்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். தலையில் ஒரு துளை இருக்கிறது. கண்ணாடியின் பிடியாகவோ மேசையின் காலாகவோ இருந்திருக்கலாம். தமிழகத்திலிருந்து போனது என்று வாட்ஸ்அப்பில் வருவதை மகள் தேர்வில் எழுதிவிட வேண்டாம். இதை ஒத்த தந்தச் சிற்பங்கள் கிடைத்த இடங்கள் மகாராஷ்டிரத்தின் தேர், போகர்தன் என்ற ஊர்கள். மியூசியத்தில் அதை வைத்திருப்பது "ரகசிய அறை" என்ற பகுதியில். பாலியல் சித்திரங்களுக்காக ஒதுக்கி, நெடுங்காலம் பூட்டி வைத்திருந்து, 2000-இல்தான் பொதுமக்களுக்குத் திறந்த அறை அது. பதினைந்து வயதுப் பையனோடு போகிறவர்கள் தெரிந்துகொண்டு போவது நல்லது.

ஆக, செவ்வாய்க்கிழமை சிலை கிடையாது. அதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், வாசலில் போய்ச் சொல்லாதீர்கள். உங்கள் கப்பல் பயணம் ரோமுக்குப் பக்கத்துத் துறைமுகமான சிவிதவெக்கியாவில் முடிகிறதென்றால் ஒரு வழி இருக்கிறது. ரோமில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கி, செவ்வாய் அல்லாத கிழமையில் அதிவேக ரயிலில் நேபிள்ஸ் போய் வரலாம். ஒரு வழிக்கு ஒன்றே கால் மணி நேரம்தான்.

இனி "அரை நாள்" என்ற சொல். இருபது வருடமாக மாணவர்களையும் ஓய்வுபெற்றவர்களையும் இத்தாலிக்கு அழைத்துப் போகிறேன். இந்தச் சொல்லைப் போல என்னைக் கடுப்பேற்றிய சொல் வேறு இல்லை. பஸ் கதவு திறப்பதிலிருந்து பஸ் கதவு மூடுவது வரை ஐந்து மணி நேரம் என்பது அவர்கள் கணக்கு. அதில் கூட்டம் சேர அரை மணி, போக வர ஒன்றரை மணி, கழிப்பறை வரிசை இருபது நிமிடம். அப்புறம் தோர்ரே தெல் கிரேக்கோ வரும். சங்கிலும் பவளத்திலும் கேமியோ என்ற புடைப்பு உருவங்கள் செதுக்குவதற்குப் பேர்போன ஊர். "தயாரிப்பு முறையைப் பார்க்கலாம்" என்று பஸ் ஒரு பட்டறை வாசலில் நிற்கும். ஒருவர் ஐந்து நிமிடம் செதுக்கிக் காட்டுவார். மீதி நாற்பது நிமிடம் நீங்கள் கடைக்குள் இருப்பீர்கள். வெளியே வரும் ஒரே வழி கல்லாப் பெட்டியைத் தாண்டித்தான். என் முதல் பயணத்தில் நானும் அப்படி ஒரு கடையில் மாட்டியிருக்கிறேன். அன்று எங்கள் குழுவுக்குப் பொம்பெயியின் உள்ளே கிடைத்தது எழுபது நிமிடம். கிபி 79-இல் வெசுவியஸ் எரிமலை புதைத்த ஊர், 66 ஹெக்டேர், அதில் மூன்றில் இரண்டு பங்கு தோண்டியாயிற்று. எழுபது நிமிடத்தில் என்ன பார்ப்பது? பவள மோதிரம்தான் நன்றாக நினைவிருக்கிறது என்று ஒரு அம்மா திரும்பும்போது சொன்னார்.

அதனால் ஏஜென்ட்டிடம் "எத்தனை மணி நேர டூர்" என்று கேட்காதீர்கள். "வாசலுக்குள் எத்தனை நிமிடம்" என்று கேளுங்கள், அதை எழுத்தில் வாங்குங்கள். இரண்டரை மணி நேரத்துக்குக் குறைந்தால் வேண்டாம். "வழியில் எந்தக் கடையிலும் நிற்காது" என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் கமிஷன் எங்கிருந்து வருகிறது என்பது புரிந்துவிடும்.

சலுகை விஷயத்துக்கு வருவோம். இதில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இத்தாலியின் அரசுத் தொல்லியல் தளங்களிலும் மியூசியங்களிலும் 18 வயது முடியாதவர்களுக்கு நுழைவு இலவசம். எந்த நாட்டுக் குழந்தையாக இருந்தாலும் இலவசம். உங்கள் மகனுக்கு ஏஜென்ட் "வாங்கித் தருவதற்கு" அதில் ஒன்றுமே இல்லை. சட்டம் ஏற்கெனவே கொடுத்துவிட்டது. ஆனால் இலவசம் என்றால் சீட்டு வேண்டாம் என்று பொருள் அல்ல. பூஜ்யம் யூரோ போட்ட சீட்டு ஒன்று அவன் பெயரில் வேண்டும், வயதைக் காட்டப் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டைக் கப்பல் அறையில் வைத்துவிட்டு, "சார், பார்த்தாலே தெரியவில்லையா, சின்னப் பையன்" என்று கவுண்டரில் வாதாடிய அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். மீசை அரும்பிய பையனைப் பார்த்தால் அவர்களுக்கு எதுவும் தெரியாது.

மகளுக்கு 19. பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயது வரை 2 யூரோ என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். அது ஐரோப்பிய ஒன்றிய நாட்டவருக்கு. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு, கல்லூரி அடையாள அட்டை கழுத்தில் தொங்கினாலும், முழுக் கட்டணம். அம்மாவுக்கும் முழுக் கட்டணம். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இருந்த இலவசத்தை இத்தாலிக்காரர்களுக்கே 2014-இல் எடுத்துவிட்டார்கள். அப்படியிருக்க ஏஜென்ட் எந்தச் சீனியர் சிட்டிசன் சலுகையை வாங்கித் தருவார்? விலையை ஏற்றிச் சொல்லிக் குறைத்துக் காட்டுவார், அவ்வளவுதான். பொம்பெயி நகருக்கு மட்டுமான சீட்டு 20 யூரோவை ஒட்டித்தான் இருக்கும். உங்களுக்கு நான்கு முழுச் சீட்டு, ஒரு இலவசச் சீட்டு. அவர் கேட்பது ஐந்து பேருக்கு 49,000 ரூபாய். வண்டி, கைடு செலவை எழுதச் சொல்லி, மீதியைக் கழித்துப் பாருங்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம். உங்களுக்குப் பயனில்லை, கூட்டமும் சொல்லி மாளாது.

2024 நவம்பரிலிருந்து பொம்பெயியில் நாளொன்றுக்கு 20,000 பேருக்கு மேல் அனுமதி இல்லை, சீட்டில் ஒவ்வொருவர் பெயரும் இருக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அதை எழுதியவர்களுக்கு முதல் பெயர், குடும்பப் பெயர் என்ற இரண்டு கட்டங்களைத் தவிர உலகம் தெரியாது. நம் வீட்டில் அப்பா பெயர் இனிஷியலாக இருக்கும், அம்மா பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக இருக்கும். கட்டத்தை நிரப்பாமல் இணையதளம் நகராது. சீட்டு எடுக்கும்போது பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளை அப்படியே இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர், சாதிப் பெயர் எதையும் புதிதாகச் சேர்க்க வேண்டாம். இதிலேயே ஏஜென்ட்டுக்கு ஒரு சோதனையும் இருக்கிறது. "டிக்கெட் எடுத்தாச்சு" என்கிறார், ஆனால் உங்களில் யாருடைய பாஸ்போர்ட் பெயரையும் கேட்கவில்லை என்றால், எடுக்கவில்லை.

நீங்களே எடுப்பதென்றால் தொல்லியல் பூங்காவின் சொந்தத் தளத்திலிருந்து போகும் இணைப்பில் எடுங்கள். தேடலில் மேலே விளம்பரமாக வருகிறவை பெரும்பாலும் மறுவிற்பனைக் கடைகள். நேரில் போனாலும் இதே கதைதான். பொம்பெயி ஸ்காவி ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்ததும் "இன்ஃபோ", "டிக்கெட்" என்று பலகை வைத்த கடைகளும், கழுத்தில் அட்டை மாட்டிய ஆட்களும் நிற்பார்கள். "உள்ளே இரண்டு மணி நேர வரிசை, எங்களிடம் வந்தால் உடனே" என்பார்கள். அரசுக் கவுண்டர் இன்னும் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. நிற்காமல் நடந்துவிடுங்கள்.

உண்மையில் உங்களுக்கு ரயிலே வேண்டாம் என்பேன். சர்க்கும்வெசுவியானா ரயில் மலிவு. ஆனால் நெரிசல், ஜேப்படி, அறிவிக்காமல் ரத்தாகும் வண்டிகள், வேலைநிறுத்தம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த மலிவு. முழங்கால் வலியோடு நாற்பது நிமிடம் நின்றுகொண்டு போக அம்மாவால் முடியாது. மேலும் போகிற இடத்தில் பொம்பெயி என்ற பெயரோடு ஒன்றுக்கு மேல் நிலையங்கள், வெவ்வேறு தடங்களில். ஒரே பெயரை இத்தனை இடத்தில் வைத்துவிட்டு ஒரு பலகைகூட ஒழுங்காக வைக்காத நிர்வாகத்தை என்ன சொல்வது! துறைமுகத்திலேயே ஐந்து பேர் உட்காரும் டாக்சியோ வேனோ எடுங்கள். நேபிள்ஸ் டாக்சிகளுக்குப் பொம்பெயி போக வர நிர்ணயித்த கட்டணம் உண்டு. வண்டி நகரும் முன்பே "தாரிஃபா பிரெதெதெர்மினாதா" என்று சொல்லிவிட வேண்டும்; நகர்ந்த பிறகு சொன்னால் மீட்டர்தான்.

இறங்க வேண்டிய இடம் ஆம்பிதியேட்டர் (பழங்கால விளையாட்டரங்கு) சதுக்க வாசல், பியாட்சா ஆன்ஃபிதெயாத்ரோ. எல்லோரும் போகும் போர்ட்டா மரீனா வாசலில் சரிவான கல் ஏற்றம் இருக்கிறது; அம்மாவின் முழங்கால் அங்கேயே முடிந்துவிடும். ஆம்பிதியேட்டர் பக்கத்திலிருந்து சக்கர நாற்காலிக்கும் ஏற்றதாகச் சமன்படுத்திய பாதை ஒன்று பழைய நகரின் மையச் சதுக்கமான ஃபோரம் வரை போகிறது. அதை விட்டு இறங்கினால் எரிமலைக் கல் பாவிய ரோமானியத் தெரு, வண்டிச் சக்கரம் அரைத்த பள்ளங்கள், தெருவைக் கடக்க முழங்கால் உயரக் கல் படிகள். பார்க்க அற்புதம், மூட்டுக்கு எமன். நிழலும் அதிகம் இல்லை. தொப்பியும் காலி பாட்டிலும் எடுத்துப் போங்கள், உள்ளே குடிநீர்க் குழாய்கள் இருக்கின்றன.

வழியில் முதலில் ஆம்பிதியேட்டர்: கிமு 70 வாக்கில் கட்டியது, கல்லில் கட்டி இன்றும் நிற்கும் ஆம்பிதியேட்டர்களில் மிகப் பழையது. கிபி 59-இல் இங்கே விளையாட்டு பார்க்க வந்த பொம்பெயிக்காரர்களும் பக்கத்து நுகேரியாக்காரர்களும் அடித்துக்கொண்டு, ரோம் பத்து வருடத் தடை போட்டது. பிறகு அபொந்தான்சா தெருவில் நேராக நடங்கள். லட்சுமி கிடைத்த தெரு இதுதான் என்று மகளுக்குக் காட்டுங்கள். சிலை இல்லாவிட்டாலும் தெரு இருக்கிறதே. ஃபோரம் வந்ததும் அம்மா உட்காரட்டும், நீங்கள் மூவரும் பக்கத்தில் சுற்றிவிட்டு வாருங்கள், மனைவி அவரோடு இருக்கட்டும், அல்லது முறை மாற்றிக்கொள்ளுங்கள். கடைசியில் ஆன்டிகுவாரியம். இறந்தவர்களின் உடல் விட்டுப்போன வெற்றிடத்தில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்த வார்ப்புகளை அங்கே பார்க்கலாம். 1863-இல் தொல்லியலாளர் ஃபியோரெல்லி கண்டுபிடித்த முறை. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், சிலருக்குத் தாங்காது.

கைடு? வேண்டும், ஆனால் உரிமம் உள்ளவர். இந்தியாவிலிருந்து குழுவோடு வரும் டூர் மேனேஜர் உள்ளே விளக்கம் சொல்ல சட்டப்படி முடியாது. சொல்வதும் பெரும்பாலும் விக்கிப்பீடியா. இத்தாலிய உரிமம் பெற்றவரிடம் படத்துடன் கூடிய அட்டை இருக்கும், "தெஸ்ஸெரீனோ" என்று கேட்டால் காட்டுவார். கோபித்துக்கொண்டால் அவர் கைடு அல்ல.

தனியாகப் போனால் ஒரு விஷயம்: தாமதமானால் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது. கப்பல் நிறுவனமே நடத்தும் டூரில் போனால் மட்டும்தான் காத்திருப்பார்கள். நீங்கள் மதியம் 1.30-க்குள் வாசலை விட்டு வெளியே வந்துவிட்டால் பயமில்லை.

ஏஜென்ட்டுக்கு இன்றே ஒரு மெயில் போடுங்கள்: எந்த மியூசியம், அது செவ்வாய் திறக்குமா, உள்ளே எத்தனை நிமிடம், கடையில் நிற்குமா, ஐந்து பேரின் பெயர் போட்ட சீட்டு எப்போது வரும். "நம்ம ஆளு அங்கே இருக்கார், ஸ்பெஷலா திறந்து காட்டுவார்" என்று பதில் வந்தால் எனக்கு அனுப்பிவையுங்கள். அந்த மாதிரி மெயில்களை நான் சேர்த்து வைக்கிறேன்.